என் பங்குக் கண்ணாடி

கிறீச்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவள் எழுந்து உட்கார்ந்தேன். மறுபடியும் கிறீச். பட்டை பட்டையாகக் கண்ணாடி அடுக்கிய லூவர் ஜன்னலில், ஒரு பட்டையைக் கிளிப்பிலிருந்து உருவுகிற சத்தம். எங்கள் ஃபிஜி கிராமத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. சக்கியுசா அப்படித்தான் வீடுகளுக்குள் நுழைவான். இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் வந்திருக்கிறான். எனக்கு அடுத்த வீடு.

குழந்தையை அணைத்துக்கொண்டு என் ஜன்னல்களை இருட்டிலேயே தடவிப் பார்த்தேன். எல்லாப் பட்டையும் இருந்தது. அப்படியென்றால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் கை வைக்கிறான். சந்தேகமே இல்லை.

புயலில் கண்ணாடியெல்லாம் போய், பள்ளி ஜன்னல்களுக்குத் தகரம் அடித்திருந்தார்கள். கரண்ட் கிடையாது. பட்டப்பகலில் கரும்பலகை தெரியாமல் என் மகள் அசெனதா 'மக்கு' என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் ஊர்க்கூட்டத்தில் லைசா டீச்சர் கேட்டார். "வீட்டுக்கு மூணு பட்டை குடுங்க. எல்லாம் ஒரே அளவுதான். உங்க ஜன்னல்ல பலகையைச் செருகிக்கலாம்."

"என் வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவுல பழம் பறிக்கப் போயிருக்கார். கைக்குழந்தையோட தனியா இருக்கேன். பலகையை வச்சா அதை யார் தள்ளிட்டு வருவாங்கன்னு எனக்குத் தெரியும்." சக்கியுசாவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அவன்கிட்டயே கேளுங்க டீச்சர். ஊர்க் கண்ணாடியைக் கழட்டிப் பழகின கை," என்றார் படகுக்கார எபெலி.

கூட்டம் சிரித்தது. சக்கியுசாவும் சிரித்தான்.

காலையில் மணி அடித்ததும் பள்ளிக்கு நடந்தேன். பாதி ஜன்னலுக்குத்தான் கண்ணாடி சேர்ந்திருந்தது. அதுவும் போயிருக்கும்.

"எத்தனை போச்சு டீச்சர்? யாருன்னு நான் சொல்றேன்."

"போகலையே. வந்திருக்கு. உங்க மூணையும் சேர்த்து."

எட்டிப் பார்த்தேன். ஒரு தகரம்கூட இல்லை. காற்றும் வெளிச்சமுமாக இருந்தது வகுப்பு. கடைசி வரிசையிலிருந்து அசெனதா கரும்பலகையில் இருந்ததைத் தடுமாறாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடுக்கவே இல்லையே டீச்சர்."

"குடுத்தவனைப் போய்க் கேளுங்க. உங்க அடுத்த வீடுதானே."

சாயங்காலம் என் ஜன்னலிலிருந்து மூன்று பட்டைகளை உருவித் துணியில் சுற்றிக்கொண்டு சக்கியுசா வீட்டுக்குப் போனேன். மூன்று ஜன்னல்களும் வெறும் ஓட்டையாக இருந்தன. பலகைகூட இல்லை.

"இந்தா, என்னோடது."

"வேண்டாம் அக்கா. வீட்ல குழந்தை இருக்கு."

"என் பங்கை நீ எதுக்குக் குடுத்தே?"

"என்னை நினைச்சுப் பயந்துதானே நீங்க குடுக்கலை? அப்போ அதை நான்தானே குடுக்கணும். உங்களை மாதிரி ஆறு வீடு. என் பங்கு போக என்கிட்ட சரியாப் பதினெட்டு இருந்துச்சு."

அவன் முழங்கையில் உட்கார்ந்த கொசுவை அடித்தான்.

"இருட்டுது அக்கா. போய்க் கதவைச் சாத்திக்குங்க. நானும் சாத்தணும்."

"இந்த வீட்டுக்குத் தாழ்ப்பாள் வேறயா?"

"ஊர்ல ஒரு திருடன் இருக்கானாமே. நீங்கதானே சொன்னீங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போனவன், மூன்று ஜன்னல்களும் ஆவென்று திறந்து கிடந்த அந்த வீட்டின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.