கீறல் விழாது

கிழவர் துப்பிய ரத்த எச்சில் குறி தவறாமல் மகனின் கைக்கடிகாரத்தின் மேல் போய் விழுந்தது.

டாக்டர் ஷீபா ஓரடி பின்னால் நகர்ந்தாள். துப்புவதற்கென்றே நாற்காலிக்குப் பக்கத்தில் தொட்டி இருக்கிறது, அதில் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கிறது. உத்தமபாளையத்தில் பல் ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து எத்தனையோ வாய்களைப் பார்த்துவிட்டாள். இப்படி ஆள் பார்த்துத் துப்புகிற மனிதரை இன்றுதான் பார்க்கிறாள்.

மகன் கார்த்திக்ராஜ் முகம்கூடச் சுளிக்கவில்லை. பஞ்சை எடுத்து நிதானமாகக் கடிகாரத்தைத் துடைத்தான்.

“விடுங்க மேடம். செராமிக் வாட்ச். கறை புடிக்காது, கீறல் விழாது. தொடச்சாப் போயிரும்.”

இப்படியும் ஒரு பிள்ளையா என்று உதவிக்கு நின்ற உமாதேவி வாயைப் பிளந்தாள்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து தகப்பன் சுருளியாண்டியைத் தன் காரில் அழைத்து வந்திருந்தான் அவன். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கிழவருக்கு முன்பல் இரண்டும் பாதியோடு ஒடிந்துவிட்டனவாம். “இருக்கதுலயே ஒசத்தியாப் பாத்துப் போடுங்க. அப்பாவுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?” என்று வந்ததும் சொல்லிவிட்டான். ‘இனி என்னத்தக் கடிச்சுத் திங்கப் போறாக?’ என்று பெற்றவர்களை வைத்துக்கொண்டே கேட்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவள் ஷீபா. அவளுக்கு இவன்மேல் மரியாதையே வந்திருந்தது.

“வேருக்கு வைத்தியம் பாத்துட்டு, மேல சிர்கோனியாங்கிற பீங்கான்ல உறை போட்டுருவோம்” என்றாள். “ஒங்க வாட்ச்சும் அந்தச் சரக்குதான். வெள்ளை மாவ அழுத்தி, உருவம் பண்ணி, சூளையில சுட்டு எடுக்கிறது.”

“இது கறுப்பால்ல இருக்கு?”

“நெறம் மட்டுந்தான் வேற. ரெண்டையும் இரும்பு வச்சுத் தேச்சாலும் இரும்புதான் தேயும்.”

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்னச் சின்னச் சதுரக் கண்ணிகளாகக் கோத்த கடிகாரப் பட்டை விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது.

“கேட்டீகளாப்பா? என் வாட்ச்சும் ஒங்க பல்லும் ஒரே சரக்காம்!” என்று சிரித்தபடி தகப்பனின் தோளைத் தொடப் போனான்.

கிழவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நன்றி கெட்ட ஜென்மம் என்று ஷீபா மனதுக்குள் வைதாள்.

“ஐயா, வாயத் தொறங்க.”

கிழவர் உதடுகளை இறுக்கிக்கொண்டார். ஷீபா அவர் தாடையைப் பிடித்து வலுக்கட்டாயமாகத்தான் திறக்க வேண்டியிருந்தது. புகையிலை நாற்றமும் சீழ் நாற்றமும் கலந்து முகமூடியைத் தாண்டி அடித்தன. ஈறோரம் எந்த வேளைச் சோறோ ஊறிக் கிடந்தது. கையுறை போட்டிருந்தும் அவள் விரல்கள் கூசின.

நரைத்த தாடிக்குள், இடது தாடையில் சதுரம் சதுரமாகக் கன்றியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

“இங்கன என்ன காயம்?”

“பாத்ரூமுல தண்ணி போற ஓட்டைக்குச் சல்லடை மூடி போட்டுருக்கோம் மேடம். அதுமேல மொகம் அடிக்க விழுந்துட்டாக. நாந்தான் ஓடிப்போயித் தூக்குனேன்.”

ஷீபா பல்லைப் பார்க்கிற கண்ணாடிக் கரண்டியை உள்ளே விட்டாள். அடுத்த கணம் ‘ஆ’வென்று கத்திக் கையை உதறினாள். ஒடிந்த பல்லை வைத்துக்கொண்டே கிழவர் அவள் விரலைக் கடித்திருந்தார். கரண்டி தரையில் போய் உருண்டது. பிசுபிசுத்த எச்சில் அவளுடைய மணிக்கட்டுவரை வழிந்தது.

“சீ! என்ன மனுசன் நீங்க? பெத்த பிள்ள இம்புட்டுத் தாங்குது, அதும் மேல துப்புறீக. வைத்தியம் பாக்க வந்தா கடிக்கிறீக!”

“வயசாயிருச்சு மேடம். கோவிச்சுக்கிறாதீக” என்று கார்த்திக்ராஜ் கெஞ்சினான். அதற்குள் அவனுடைய போன் அடித்தது. “திராட்ச லாரிக்காரன். பேசிட்டு வந்துர்றேன். அப்பா, டாக்டர் சொல்றபடி கேக்கணும், சரியா?” என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வெளியே போனான்.

ஷீபா குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எவ்வளவு கழுவியும் அந்தப் பிசுபிசுப்பு போனதாகத் தோன்றவில்லை. இந்தக் கிழவரை இப்படியே அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு, வெளியே நிற்கிற அந்த நல்ல பிள்ளையின் முகத்துக்காகப் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

கிழவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்ததும் சட்டென்று அவளுடைய வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்தார். மறுபடியும் துப்பப் போகிறார் என்று அவள் பின்வாங்கினாள்.

“கோட்ட விடுங்க ஐயா. ஒங்க நல்லதுக்குத்தான சொல்றோம். சும்மா பல்லு இல்ல இது. ஆயுசுக்கும் ஒடையாது.”

கிழவர் வீங்கிய உதட்டை மெல்லப் பிரித்தார்.

“வேணாம் ஆத்தா. அதையும் ஒடைப்பான்.”