ஒரு டம்ளர் ஆபாசம்

“அண்ணி, இந்த அநியாயத்தைப் பாருங்க! நான் போட்ட படம் ஆபாசமாம்!”

டியூட்டி முடிந்து வந்த நர்ஸ், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்து போனை நீட்டினாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் எழுத்து: ‘இது ஆபாசமான பதிவு. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும் பார்க்கலாம். கேமராவில் முகத்தைக் காட்டி வயதை உறுதி செய்யவும்.’

“உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? நம்ம தெருக் குழாயில பிடிச்ச ஒரு டம்ளர் தண்ணி. டீ கலர்ல இருக்கு. அதைக் குடிச்சுட்டு வாந்தியும் பேதியுமா எங்க வார்டுல குழந்தைங்க வரிசையா வந்து படுக்குதுங்க. காய்ச்சிக் குடிங்கன்னு ரெண்டு வரி எழுதினேன். இதுல என்ன ஆபாசம்?”

“மெதுவாப் பேசு குட்டிம்மா. ஜன்னல் திறந்திருக்கு.”

“எதுக்கு மெதுவா? கூட வேலை பார்க்கிறவளுக்கு ஆசையா அனுப்பி வச்சேன். முகத்தைக் காட்டுன்னு கேட்டதும் பயந்துபோய் மூடிட்டா. ‘அப்படி என்னத்தடி போட்டே?’ன்னு என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறா. புனைபேர்ல எழுதியும் மானம் போகுது!”

அண்ணி வேலை பார்ப்பது, நர்ஸ் படம் போட்ட அதே செயலியின் அலுவலகத்தில்தான். ஜனங்கள் போடும் பதிவுகளைப் பார்த்து, எது இருக்கலாம், எது கூடாது என்று குறிக்கிற வேலை.

“உங்க ஆபீஸ்லதானே எவனோ இதைப் பண்ணியிருக்கான்? யாருன்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணி. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கணும்.”

“ஒரு ஹால் நிறைய உட்கார்ந்திருக்கோம். யாருன்னு கண்டேன்?”

“நல்ல வேலை! ஊர் வாயை மூடிச் சம்பளம் வாங்குற வேலை. உங்களுக்கெல்லாம் சோறு எப்படி இறங்குது?”

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்னை என்ன வேணும்னாலும் திட்டிக்கோ. அந்தப் பதிவை மட்டும் எடுத்துடு. இப்பவே.”

“மாட்டேன். உங்களை மாதிரி நான் பயந்தாங்கொள்ளி இல்ல.”

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி லேபுக்கு இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண சட்டை, பேன்ட். ரத்த சாம்பிளை மெஷினில் வைத்துக்கொண்டிருந்த டெக்னீஷியனைக் கையுறையைக் கழற்றக்கூட விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அழைத்துப் போனார்கள்.

காரிடாரில் நின்ற ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பெரிய டாக்டர் தன் அறைக் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டார்.

“தண்ணியில கிருமி இருக்குன்னு டெஸ்ட் பண்ணிப் போட்டாராம். வதந்தி பரப்பினார்னு போலீஸ் கேஸ்” என்று கிசுகிசுத்தாள், பதிவைத் திறக்கப் பயந்த அந்தத் தோழி. “ஏய், நீயும் ஏதோ...”

“நான் ஒண்ணும் போடலை!”

நர்ஸ் அங்கே நிற்கவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தன் பதிவை அழித்தாள். யார் கண்ணில் பட்டதோ? யார் எடுத்து வைத்திருக்கிறார்களோ?

வீட்டுக்கு வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் போனை எடுத்ததற்கே பகீரென்றது. இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி, சந்து சந்தாகச் சுற்றி நடந்தாள். வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்தினாள்.

அண்ணி வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“லேப்ல ஒருத்தரைத் தூக்கிட்டாங்க அண்ணி. நானும் அதையேதான் எழுதினேன். என்னையும் விடமாட்டாங்க.”

“பதிவை எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்.”

அண்ணி நீளமாக மூச்சு விட்டாள். “அப்ப உன்னைத் தேடி யாரும் வரமாட்டாங்க.”

“எப்படிச் சொல்றீங்க?”

“சொன்னா நம்பு. உங்க அண்ணன்கிட்ட போன்ல எதையும் உளறி வைக்காதே. கப்பல்ல இருக்கிற மனுஷன், அங்க இருந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்?”

காலிங் பெல் அடித்தது.

கதவிலிருந்த ஓட்டை வழியாகப் பார்த்த நர்ஸ், அண்ணியின் தோளைப் பற்றினாள்.

“அவங்கதான் அண்ணி... லேபுக்கு வந்தவங்க...”

அண்ணி அவளை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

இருவரில் வயதானவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“தண்ணியைப் பத்தி ஒரு பதிவும்மா. யாரோ புனைபேர்ல போட்டிருக்காங்க. இன்னைக்கு அழிச்சுட்டாங்க. இனி உங்க ஆபீஸ்ல கேட்டாலும் பேர் கிடைக்காது.”

நர்ஸ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

“வதந்தின்னு குறிச்சிருந்தா, எழுதினவங்க பேரும் விலாசமும் அந்த நிமிஷமே எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆபாசம்னு குறிச்சா வராது. அது தெரிஞ்சே ஒருத்தர் வேணும்னு ஆபாசம்னு குறிச்சிருக்காங்க. அது நீங்கதானே?”

“நான்தான்” என்றாள் அண்ணி.

“எழுதினது யாரு?”

“பேரைப் பார்க்கலை.”

“பரவாயில்லை. அங்க வந்து நிதானமா ஞாபகப்படுத்திப் பாருங்க. கிளம்புங்க.”

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள். உள்ளே ஒருத்தி இருப்பதே தெரியாதவள்போலத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

‘எழுதினது நான்தான்.’ இரண்டே வார்த்தை. வாசல்வரை ஓடிவந்த நர்ஸுக்கு, அவர்கள் ஜீப் தெருமுனை திரும்பும்வரை அது வாயைவிட்டு வரவே இல்லை.