பலப்படுத்தும் வாக்கியம்

பதினாலாவது கேள்வி. இரண்டு நிமிடம்.

ஒரு நகரத்தில் தெருவிளக்குகளைக் கூட்டினார்கள். அந்த ஆண்டு திருட்டு குறைந்தது. ஆகவே திருட்டைக் குறைத்தது விளக்குகள்தான். இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது கீழ்க்கண்டவற்றில் எது?

அவன் மூன்றாவதை வட்டமிட்டான். அதே ஆண்டில் ரோந்துக் காவலர்களையும் இரட்டிப்பாக்கினார்கள் என்ற விடை.

பின்பக்கம் புரட்டிப் பார்த்தான். சரி.

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு அவனுக்கு இது மூன்றாம் முறை. கணக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு முறையும் காலை வாரிவிட்டது இந்த மொழிப் பகுதிதான். காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஓர் ஓட்டை இருக்கும், அதைப் பிடி என்று ஆன்லைன் வகுப்பில் தொண்டை வற்றக் கத்தினார்கள். அவன் கண்ணில் மட்டும் அது படவே இல்லை.

இப்போது படுகிறது. பார்க்கிற இடத்திலெல்லாம் படுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, சேக்காளிகளுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டது, நீயும் பண்ணிக்கொள் என்ற அம்மாவிடம், அந்த வாதத்தில் உள்ள ஓட்டையை விளக்கி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

புத்தகத்தை மூடினான். அடியில் கிடந்த ஃபைலை இழுத்தான்.

கோவைக்கு வெளியே பம்பு பாகங்கள் செய்யும் கம்பெனி. அவன் அங்கே எச்.ஆர். தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷினை ஓட்டும் சாந்தாமணிக்கு ஒன்பது நாளைக்கு முன் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. கையைக் காக்கும் தடுப்பான கார்டு அப்போது மெஷினில் இல்லை. அதைக் கழற்றியது யார் என்பதுதான் விசாரணை. அவள்தான் என்றால் வேலை போய்விடும்.

அறிக்கை எழுதுவது அவன். முடிவை மட்டும் மேனேஜர் தண்டபாணி சார் காலையிலேயே சொல்லிவிட்டார்.

கார்டு அவள் காலடியில் கிடந்தது. ஆகவே அவள்தான் கழற்றினாள்.

சொன்னவர் கதவருகே போய்த் திரும்பினார்.

"மூணு மணிக்குள்ள ரிப்போர்ட்டக் கொண்டாங்க தம்பி. அப்பிடியே உங்க காலேஜ் சிபாரிசு லெட்டர்லயும் கையெழுத்துப் போட்டுர்றனுங்."

அந்தக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் போகாது. கடைசி நாள் நாளை.

அவன் எழுதி வைத்திருந்த அறிக்கையைப் படித்தான்.

ஓட்டை பளிச்சென்று தெரிந்தது.

காலடியில் கிடந்தால் அவள்தான் கழற்றியிருக்க வேண்டுமா? வேறு யாராவது கழற்றி அங்கே போட்டிருக்கக் கூடாதா?

கூடாதென்ன, அப்படித்தான் நடந்தது. முந்தின ராத்திரி ஷிப்டில் மெஷினைப் பழுது பார்த்தவர்கள் கார்டைக் கழற்றினார்கள். மெயின்டனன்ஸ் நோட்டில் இருக்கிறது. திரும்ப மாட்டியதாக எங்கும் இல்லை. நோட்டு அவன் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

நான் வரும்போதே கார்டு இல்லை, சூப்பர்வைசரிடம் சொன்னேன், ஓட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்றார் என்று சாந்தாமணி சொன்னதும் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி விடாமல் இருந்தது. அப்படிச் சொல்லவே இல்லை என்று சூப்பர்வைசர் மறுத்ததும் அதற்குக் கீழே இருந்தது.

லேபர் கோர்ட்டில் ஒரு வக்கீல் இந்த அறிக்கையை ஐந்தே நிமிடத்தில் கிழித்துத் தொங்கவிடுவார்.

வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இந்த ஓட்டை அவன் கண்ணில் பட்டிருக்காது.

பலவீனப்படுத்துவது எது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை. அது அலமாரியில் இருந்தது.

பலப்படுத்துவது எது?

கையெழுத்தைப் பற்றி நினைத்தான். மூன்று வருஷத்தைப் பற்றி நினைத்தான். பிறகு அவற்றைப் பற்றியும் நினைக்கவில்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது.

விடை தானாக வந்தது. சாட்சியப் பக்கத்தின் கடைசியில் தட்டச்சு செய்தான்.

'முந்தைய ஷிப்டில் மேற்படி மெஷினின் கார்டு குறித்துப் புகார் எதுவும் வரவில்லை.'

அதில் பொய் ஒன்றுமில்லை. முந்தைய ஷிப்டில் அந்த மெஷின் ஓடவே இல்லை.

மறுபடி முழுவதும் படித்தான். ஓட்டை இல்லை. தண்ணீர்கூட ஒழுகாது.

இரண்டரைக்கு சாந்தாமணி வந்தாள். முடிவு எழுதிய பக்கத்தை அவளிடம் காட்ட வேண்டியதில்லை. சாட்சியப் பக்கங்களில் மட்டும், படித்துப் பார்த்தேன் என்று கையெழுத்து வேண்டும்.

நாற்காலியைக் காட்டினான். நுனியில் உட்கார்ந்தாள். வலது கையில் போட்டிருந்த கட்டைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

"நாஞ் சொன்னதெல்லாம் எழுதியிருக்குதுங்களா சார்?"

"எல்லாம் இருக்குதுங்கக்கா. படிச்சுப் பாத்துக்கங்க."

அவள் நிதானமாக, உதடசைத்துப் படித்தாள். தன் வாக்குமூலத்துக்கு வந்தபோது தலையாட்டினாள். கடைசி வரியில் கண் நின்றது.

இரண்டாம் முறை படித்தாள்.

கேட்டுவிடு என்று அவன் மனதுக்குள் கெஞ்சினான். அன்னிக்கு ராத்திரி மெஷின் ஓடலீங்களே சார் என்று ஒரு வார்த்தை. கேட்டால் எழுதிவிடுவான். சத்தியமாக எழுதிவிடுவான். அவனாக எழுத முடியாது, அவள் கேட்க வேண்டும்.

அவள் நிமிர்ந்தாள்.

"நெசந்தானுங் சார். பொகாரு ஒண்ணும் வல்லீங்க."

பேனாவை இடது கையில் வாங்கினாள். பழக்கமில்லாத கை. முதல் எழுத்திலேயே காகிதம் நழுவியது.

நழுவாமல் அவன் பிடித்துக்கொண்டான்.