சியோலில் ஒரு ஜோடிப் பாட்டு

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை என்று பல்செட்டின் மேல் கைவைத்துச் சத்தியம்.

சியோலுக்குச் சுற்றுலா போன கடலூர் நண்பர்கள் மூவரும் ஒரு கரோக்கி அறைக்குள் நுழைந்தார்கள். அங்கே ஜோடிப் பாட்டுக்கு ஆள் தேவையில்லை. கூடப் பாடுகிறவர் எப்படிப் பாடுவார் என்று சொன்னால் போதும், அறையே அந்தக் குரலில் பாடும். காதர் மொய்தீனும் அந்தோணியும் சினிமாக் குரல்களாகக் கேட்டுக் கூத்தடித்தார்கள்.

“டேய், உன் மொறைடா. கூச்சப்படாம கேளு,” என்றார் காதர்.

விருத்தகிரி மைக்கை வாங்கினார். “என் வீட்டுக்காரி குரல் வேணும். சரணத்துல அவசரப்பட்டு முந்திக்குவா. தப்புன்னு தெரிஞ்சதும் சிரிச்சிடுவா. சிரிச்சுக்கிட்டேதான் மிச்சத்தையும் பாடுவா.”

நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அறை பாடியது. சரணத்தில் முந்தியது, சிரித்தது. விருத்தகிரி தன் வரியை மறந்து, கேட்டபடியே நின்றார்.

“டூர் பஸ் கெளம்பிடும்டா,” என்றார் அந்தோணி மெல்ல.

“நாளைக்கு ஊருக்குப் போயிடுவோம். அங்க இவ இருக்கமாட்டாளேடா. இன்னும் ஒரே ஒரு பாட்டு.”

காதர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது.

விருத்தகிரிக்குக் கல்யாணமே ஆனதில்லை.