மைக்கை அணைத்த வாசல்

"பார்த்தியா, இன்னிக்கும் அணைச்சுட்டாங்க!" என்றாள் சுகுணா, எதிர்வீட்டு ராணியிடம்.

தீவு நகரத்தின் பத்துபஸ்தியில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. கோயில் பஜனைக் குழுவின் பிக்கப் வண்டி, பக்கத்து வீட்டு ராசம்மாவின் வாசலில் நின்றிருந்தது. அதுவரை தெருவையே நிறைத்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர் சட்டென்று ஊமையாகிவிட்டது.

கொரோனா வந்ததிலிருந்து கோயிலில் கூடிப் பாடத் தடை. வீட்டிலிருந்தே பாடிப் போனில் அனுப்பிப் பார்த்தார்கள். தீவு நெட்வொர்க்கில் பாதிப் பாட்டு வந்து சேரவில்லை. மார்கழி பிறந்ததும் குழுவை நடத்தும் சிவபிரகாஷ் ஒரு முடிவெடுத்தார்.

"கேட்கிறவங்க கோயிலுக்கு வர முடியலைன்னா என்ன? நாம அவங்க வாசலுக்குப் போவோம்."

மாஸ்க் போட்ட நாலு பேர், வண்டியின் பின்புறத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, வாசலுக்கு ஒரு பாட்டு பாடினார்கள். தெருவே விளக்கேற்றிக்கொண்டு வெளியே வந்தது. பாட்டைக் கேட்டு அழுதவர்களும் உண்டு. பெங்காலி வீட்டுக்காரர்கள்கூடக் கைகூப்பி நின்றார்கள்.

இரண்டாம் நாளிலிருந்து ராசம்மா வீட்டு வாசலில் மட்டும் பாட்டு இல்லை. வண்டி நிற்கும். மைக் அணையும். கொஞ்ச நேரத்தில் வண்டி நகரும். அடுத்த வாசலான சுகுணா வீட்டில் ஸ்பீக்கர் மறுபடி முழங்கும்.

"கொரோனா பீமாரி வந்த வீடுன்னு பயம். வேற என்ன?" என்றாள் ராணி.

"புருஷன் போன வீடு. மார்கழியும் அதுவுமா எதுக்குன்னு நினைச்சிருப்பாங்க" என்றார் சுகுணாவின் கணவர் பாலசுப்பிரமணியம்.

சுகுணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராசம்மாவின் கணவர் பக்தவத்சலம் வேறு யாரோ இல்லை. அதே குழுவில் வருஷக்கணக்காக முதலடி எடுத்துக் கொடுத்தவர். மழைக்காலத்தில் காய்ச்சலென்று ஆம்புலன்ஸில் ஏறியவர் திரும்பி வரவில்லை. உடம்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கும் ஒரே மகளால் வந்து முகம் பார்க்க முடியவில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டையா ஒதுக்குவது?

அன்றைக்கே சிவபிரகாஷுக்குப் போன் செய்தாள்.

"என்ன சிவா, ராசம்மா வீட்டு வாசல்ல மட்டும் மைக்கு வேலை செய்யாதோ?"

"வேணும்னுதான் அணைக்கிறோம் அக்கா."

"இதைச் சொல்ல உனக்குக் கூச்சமா இல்ல? அவரோட உட்கார்ந்து பாடினவங்கதானே நீங்கல்லாம்?"

"போன்ல சொன்னா புரியாதுக்கா. நாளைக்கு வண்டி பக்கத்துல வந்து நில்லுங்க."

திமிரைப் பார் என்று நினைத்தாள் சுகுணா. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியும் விட்டாள்: 'சாமி பாட்டு பாடுகிறவர்களுக்கு மனிதாபிமானம் வேண்டாமா? துக்க வீட்டை ஒதுக்குவதற்கு இந்த பஜனை எதற்கு?' ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள்.

மறுநாள் வண்டி வருவதற்கு முன்பே ராசம்மா வீட்டு கேட்டருகே போய் நின்றாள்.

வண்டி வந்தது. மைக் அணைந்தது. பாட்டு நின்றதுமே ஒவ்வொரு வாசலிலும் வழக்கம்போல முணுமுணுப்பு கிளம்பியது.

"சிவா, இப்ப சொல்லு..."

சிவபிரகாஷ் கையை உயர்த்தி அவளை அடக்கினார். டிரைவர் இன்ஜினையும் நிறுத்தினார். வண்டியிலிருந்த நாலு பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் சுகுணாவுக்குக் கேட்டது.

சாத்திய கதவுக்குள்ளிருந்து ஒரு குரல். மெலிந்து, கரகரத்து, ஒரு சொல்லில் தடுக்கி நின்று, மறுபடி அதையே பிடித்துக்கொண்டு வந்தது. பக்தவத்சலம் எப்போதும் எடுத்துக் கொடுக்கிற முருகன் பாட்டின் முதலடி. ராசம்மா பாடிக்கொண்டிருந்தாள்.

அடி முடிந்ததும் குரல் காத்திருந்தது. வண்டியிலிருந்தவர்கள் மைக் இல்லாமல், தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுபோல, அடுத்த அடியைப் பாடினார்கள். உள்ளேயிருந்து மறுபடி குரல் வந்தது.

பாட்டு முடிந்ததும் சிவபிரகாஷ் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணன் போனதிலேர்ந்து அவங்க ஒரு வார்த்தை பேசலையாம்க்கா. மகள் போன் பண்ணினாலும் 'ம்'தானாம். முதல் நாள் நாங்க இங்க பாடும்போது, நடுவுல மூச்சு விட்ட இடத்துல இவங்க குரல் கேட்டுச்சு. எங்க ஸ்பீக்கர் அதை அமுக்கிடுச்சு. அதான் அணைச்சோம்."

"வெளியே கூப்பிடலையா?"

"கூப்பிட்டா நிறுத்திடுவாங்களோன்னு பயம். மத்த வாசல்ல நாங்க பாடுறோம். இங்க கேட்கத்தான் வர்றோம்."

"ஒண்ணும் தெரியாம வாட்ஸ்அப் குழுவுல அப்படி எழுதிட்டேனே சிவா. எல்லாரும் பார்த்திருப்பாங்க."

"அதை விடுங்கக்கா. நீங்க அவங்களுக்காகத்தானே கேட்டீங்க? நாங்க மைக்கை அணைச்ச நாள்லேர்ந்து அவங்க சாயந்திரமும் விளக்கு வச்சுட்டுப் பாடுறாங்களாம். பால் ஊத்துறவர் சொன்னார்." வண்டியில் ஏறப் போனவர் திரும்பிப் பார்த்து, வெள்ளந்தியாகக் கேட்டார்: "பக்கத்து வீடுதானேக்கா, உங்களுக்குக் கேட்டிருக்குமே?"

சுகுணா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் வந்த அன்று அவசர அவசரமாகச் சாத்திய ராசம்மா வீட்டுப் பக்கத்து ஜன்னல்களை, அவள் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.