துர்காவை மட்டும் கழித்துவிட்டார்கள்

செமினார் ஹாலின் கதவு பல வருடமாக மழையில் உப்பிப் போயிருந்தது. தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே இடது மூலையில் ஓர் உதை விட்டால்தான் திறக்கும். சென்னைக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஹெச்.ஆர். மேனேஜர் முதல் உதையிலேயே திறந்துவிட்டார். டை கூடக் கலையவில்லை.

பெரிய கம்பெனி என்றால் சும்மாவா என்று வரிசையில் நின்ற துர்கா அஸ்ஃபியாவின் காதில் சொன்னாள். பயத்தில் இருந்த அஸ்ஃபியா தலையை மட்டும் ஆட்டினாள்.

கோரிமேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அந்த பாலிடெக்னிக்கில் படித்து முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டால், பிரான்சில் மாமா இருப்பவர்கள் மாமாவிடம் போவார்கள். மாமா இல்லாதவர்கள் பெட்ரோல் பங்குக்கும் செல்போன் கடைக்கும் போவார்கள். ஆனால் காலேஜ் வாசலில் தொங்கிய பேனர் வேறு மாதிரி சொன்னது: நூற்றுக்கு நூறு பேருக்கும் வேலை.

துர்காவுக்குப் பிரான்சில் யாரும் இல்லை. அவள் அண்ணன் வெற்றிவேல் வேறொரு காலேஜில் இதே எலக்ட்ரிகல் டிப்ளமாவை வாங்கிக்கொண்டு, நேரு வீதியில் ஒரு துணிக்கடை வாசலில் நின்று, "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நீயாவது நாற்காலி போட்டு உட்காரு என்று சொல்லித்தான் அம்மா அஞ்சலாட்சி காலையில் திருநீறு பூசி அனுப்பியிருந்தாள்.

மேனேஜர் மற்றவர்களிடம் பேரும் ஊரும் கேட்டுவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். துர்காவிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்டார். அவள் சொன்ன விதத்தைப் பார்த்து ஸ்டார்ட்டரைப் பற்றிக் கேட்டார். பேனல் போர்டின் வயரிங்கை வரையச் சொன்னார். அவள் வரைந்து, பேப்பர் போதாமல் பின்பக்கமும் வரைந்தாள். அதை அவர் வெகுநேரம் பார்த்தபடி இருந்தார்.

"வேற எங்கனா கூப்ட்டிருக்காங்களா?"

இப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும் என்று பிளேஸ்மென்ட் ஆபீசர் தெய்வசிகாமணி இதற்கென்றே ஒரு வகுப்பு எடுத்திருந்தார். துர்காவுக்குப் பொய் சரியாக வராது.

"சேதராப்பட்டுல ஒரு பேனல் கம்பெனி, சார். டெஸ்டிங் வேலை. திங்கக்கெழம வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்களாம். நான் போவல, சார். இது கெடச்சா இதுக்குத்தான் வருவேன்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "சரி, போய் வாம்மா" என்றார்.

சாயங்காலம் தெய்வசிகாமணி பெயர்களை வாசித்தார். அஸ்ஃபியா செலக்ட். லேபில் ஃபியூஸ் போடப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட செம்மல் செலக்ட். இன்டர்வியூவில் தன் பேரையே மறந்து நின்ற அம்மாவாசையும் செலக்ட். வகுப்பு முழுக்க முடிந்தும் துர்காவின் பெயர் வரவில்லை.

பிறகு ஹாலுக்குள் தெய்வசிகாமணி மேனேஜரிடம் கெஞ்சுவது வெளியே கேட்டது. ஒரு பெண்ணால் நூறு போய்விடும், பேனரை மாற்ற வேண்டி வரும், நிர்வாகத்துக்கு என்ன பதில் சொல்வது என்று மன்றாடினார். மேனேஜர் மசியவில்லை. தனக்காக ஒரு மனிதர் இவ்வளவு தூரம் இறங்கிப் பேசுகிறாரே என்று, மூன்று வருடத்தில் முதல்முறையாக துர்காவுக்குத் தெய்வசிகாமணி மேல் மரியாதை வந்தது.

மற்றவர்கள் கேன்டீனில் கேக் வெட்டினார்கள். துர்கா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். பையில் போன் அடித்து நின்று, திரும்ப அடித்தது. அம்மாதான். இதற்குள் தெருவில் பாதிப் பேரிடமாவது சென்னை என்று சொல்லி முடித்திருப்பாள். துர்கா எடுக்கவில்லை. துப்பட்டாவின் நுனி நனைந்து போயிருந்தது.

சற்று நேரத்தில் மேனேஜரும் அங்கே வந்து நின்றார். டையைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்திருந்தார். துர்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

"நான் இன்னா சார் தப்பா சொன்னேன்?"

"தப்பா ஒண்ணும் சொல்லல. இத்தினி பேர்ல நீ ஒருத்திதான் படிச்சிருக்க."

"அப்புறம் ஏன் சார் என்னை மட்டும்…"

அவர் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். திங்கட்கிழமை சேதராப்பட்டுக்குப் போகச் சொன்னார். சம்பளம் குறைச்சலாகத்தான் இருக்கும், நாளெல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலையாக இருக்கும், இருந்தாலும் விட்டுவிடாதே என்றார். கழித்துக் கட்டிய ஆளே புத்தியும் சொல்வது துர்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க செட்டு மொத்தமும் உங்க கம்பெனிக்கு வருது. நான் மட்டும் சேதராப்பட்டுக்குப் போவணுமா, சார்? எங்கம்மா மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

டவுன் பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தவர், திரும்பி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நானும் இந்தக் காலேஜ்தாம்மா. நாலு வருசத்துக்கு முன்ன இதே கம்பெனிக்கு செலக்ட் ஆனேன். ஆர்டர் இன்னும் வரல."