ரெண்டே ரெண்டு பிஸ்கட்

“யாரும்மா உனக்கு பிஸ்கட் கொடுத்தது?”

மலேசியாவில், கிள்ளானில் ஒரு மருத்துவமனை. புனிதாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. அம்மாவின் தலையணையோரம் பிஸ்கட் தூள் சிதறியிருந்தது.

“என் பையிலயே இருந்துச்சு. பசிச்சுச்சு லா. ரெண்டே ரெண்டு,” என்றாள் எழுபத்தொன்பது வயது வீரம்மா.

முந்தின நாள் காலை காய்கறி வாங்கப் போன பாசாரில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் எழுந்து நடக்கலாம், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று ஒன்பது மணிக்கு அவள் முறை. வெறும் வயிறாக இருந்தால்தான் மயக்க மருந்து கொடுப்பார்கள்.

“இனிமே நாளைக்குத்தான் ஆன்டி,” என்றாள் தாதி ரமணி. “இன்னொரு தடவை தின்னீங்க, வாய்க்கு பிளாஸ்டர் ஒட்டிடுவேன்.”

புனிதாவுக்கு ஆறவில்லை. “கந்தசஷ்டிக்கு ஆறு நாள் வெறும் தண்ணியில இருக்கிற ஆளு நீ. ஒன்பது மணி வரைக்கும் தாங்கலையா? பயந்துட்டேன்னு சொல்லு.”

“ஆமா, பயந்துட்டேன்.” வீரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதே முறிவோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த சாந்தமேரியை வீரம்மாவுக்குப் பதிலாக ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“அந்த ஆன்டியைப் பாரு. சிலுவையைப் போட்டுட்டு தைரியமா போறாங்க.”



மறுநாள் வீரம்மாவுக்கும் நல்லபடியாக முடிந்தது. மாலையில் அவள் கண் விழித்தபோது, சாந்தமேரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நடுங்கியபடி ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னோர் அடி.

“நேத்து நீ மட்டும் வாயைக் கட்டியிருந்தா, இன்னைக்கு நீயும் நின்னிருப்பே,” என்றாள் புனிதா.

வீரம்மா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிரஷர் பார்க்க வந்த ரமணி, புனிதாவைத் தள்ளி அழைத்துப் போனாள்.

“அக்கா, அந்த சாந்தமேரி ஆன்டி மூணு நாளா பட்டினி கிடந்தாங்க. தினமும் ஏதாவது ஆக்சிடென்ட் கேஸ் வந்து அவங்க முறை தள்ளிப்போச்சு. நேத்து காலையிலயும் வயசுல மூத்தவங்கன்னு உங்கம்மாவைத்தான் முன்னாடி போட்டிருந்தாங்க. முந்தாநாள் சாயங்காலம் வலி தாங்காம அழுதாங்க. அப்ப உங்கம்மா என்னைக் கூப்பிட்டு ஒண்ணு கேட்டாங்க. எதுக்குக் கேட்டாங்கன்னு எனக்கே இப்பத்தான் உறைக்குது.”

“என்ன கேட்டாங்க?”

“‘மிஸ்ஸி, காலையில நான் எதையாவது தின்னுட்டா, என் இடத்துல யாரு போவாங்க?’”